பழைய விண்டோஸும் புதிய யு.எஸ்.பி.யும்

தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே கணவாயை ஒட்டி அமைந்துள்ள தொப்பூர் போன்ற ஊர்களில் கணினி என்பது பெரும்பாலும் ஒரு தொழிற்கருவி. டி.டி.பி. மையத்தில் திருமணப் பத்திரிகையும் துண்டறிக்கையும் வடிவமைக்கவும், சாலையோர எடைமேடையில் லாரியின் சுமையைப் பதிந்து சீட்டு அச்சிடவும், பள்ளி ஆய்வகத்தில் பாடம் நடத்தவும் அது பயன்படுகிறது. அத்தகைய கணினி பழுதாகிப் புதியது வாங்கப்படும்போது, பழைய மென்பொருள் முன்போலவே ஓடவேண்டும் என்பதே உரிமையாளரின் முதல் எதிர்பார்ப்பாக இருப்பதால், 2009 அக்டோபர் 22 அன்று வெளியான விண்டோஸ் 7 இயங்குதளத்தை, அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14 அன்று முடித்துக்கொண்ட பின்னரும், புதிய கணினியில் நிறுவவேண்டிய தேவை எழுகிறது.

2015க்குப் பின் வந்த கணினிகளில் அந்த முயற்சி ஒரு விசித்திரமான இடத்தில் நின்றுபோகிறது. பென் டிரைவிலிருந்து நிறுவல் தொடங்குகிறது. கோப்புகள் ஏற்றப்படுவதைக் காட்டும் பட்டை நிறைகிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் திரையும் தோன்றுகிறது. ஆனால் அந்தத் திரையில் மவுஸ் அசைவதில்லை, விசைப்பலகைக்கும் கணினி செவிசாய்ப்பதில்லை. சில நொடிகளுக்கு முன்புவரை அதே பென் டிரைவைப் படித்துக்கொண்டிருந்த கணினி, அதே யு.எஸ்.பி. வாயில்களை இப்போது அறியாததுபோல் நடந்துகொள்வதற்கு வன்பொருள் பழுது காரணமன்று. இயங்குதளம் உருவான காலத்தில் இல்லாத ஒரு கட்டுப்படுத்தி அந்தக் கணினிக்குள் இருப்பதும், அதனோடு உரையாடும் மென்பொருள் நிறுவல் ஊடகத்தில் இல்லாததும்தான் காரணம். அந்த மென்பொருளை ஊடகத்துக்குள் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் தடை நீங்குகிறது. அது எங்கே, ஏன், எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்வது, ஒரு கணினி விழித்தெழும் முறையையே புரிந்துகொள்வதாகும்.

விண்டோஸ் 7 தங்கிவிட்ட காரணம்

தமிழ்நாட்டில் விண்டோஸ் 7 ஆழமாக வேரூன்றியதில் அரசின் பங்கும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு, எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகளை வழங்கியது; முதலாண்டு இலக்கு மட்டுமே 9 இலட்சத்தைத் தாண்டியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7உம், இந்தியாவில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. தருமபுரி போன்ற மாவட்டங்களில் தம் வீட்டின் முதல் கணினியை இவ்வாறு பெற்ற ஒரு தலைமுறை, விண்டோஸ் 7இன் திரையிலேயே கணினியைப் பழகியது.

இரண்டாவது காரணம் எழுத்துருக்களைச் சார்ந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான குறியெண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி உருவாக்கப்பட்டன. ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்தது இன்னொன்றில் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், பேஜ்மேக்கர் மென்பொருளில் பழைய எழுத்துருக்களைக் கொண்டு அமைத்த ஆயிரக்கணக்கான கோப்புகள் அச்சகங்களிலும் டி.டி.பி. மையங்களிலும் அப்படியே இருந்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியான ஆண்டு 2001. அது யூனிகோடை அறியாதது. அந்தக் கோப்புகளைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பும் தொழில்முறை நீடிக்கும்வரை, அந்த மென்பொருளும், விசைப்பலகைச் செயலியும், அவை பழகிய இயங்குதளமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீடிக்கின்றன. எடைமேடைகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் ஒரு குறிப்பிட்ட கருவிக்காக எழுதப்பட்டு, எழுதியவரின் தொடர்பே அற்றுப்போன மென்பொருள்களுக்கும் இதே நிலைதான்.

வாயில் ஒன்று, கட்டுப்படுத்தி வேறு

யு.எஸ்.பி. என்பது விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி, நினைவகம் என வெவ்வேறு கருவிகளை ஒரே வகை வாயிலில் இணைப்பதற்கான தரம். இன்டெல் நிறுவனத்தில் இதன் உருவாக்கத்தில் முன்னணியில் நின்ற அஜய் பட், வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1996இல் வந்த முதல் பதிப்பு நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தையும், 2000இல் வந்த 2.0 பதிப்பு 480 மெகாபிட் வேகத்தையும், 2008 நவம்பரில் வந்த 3.0 பதிப்பு 5 கிகாபிட் வேகத்தையும் அளித்தன. 2.0 வடத்தில் நான்கு கம்பிகள் இருந்தன, 3.0 வடத்தில் அந்த நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலும் ஐந்து சேர்க்கப்பட்டன. இதனால் பழைய விசைப்பலகையைப் புதிய வாயிலிலும், புதிய பென் டிரைவைப் பழைய வாயிலிலும் செருகமுடிகிறது. பயனர் கண்ணில் படும் இந்த ஒத்திசைவுதான் சிக்கலை மறைக்கிறது.

வாயிலுக்குப் பின்னால், கணினியின் மையச் செயலிக்கும் யு.எஸ்.பி. கருவிகளுக்கும் இடையே நின்று தரவுப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மின்சுற்று கட்டுப்படுத்தி, அதாவது கன்ட்ரோலர், எனப்படுகிறது. இயங்குதளம் விசைப்பலகையோடு நேரடியாகப் பேசுவதில்லை. கட்டுப்படுத்தியோடு பேசுகிறது, கட்டுப்படுத்தி விசைப்பலகையோடு பேசுகிறது. யு.எஸ்.பி. 1 காலத்தில் யு.ஹெச்.சி.ஐ., ஓ.ஹெச்.சி.ஐ. என்ற இரு வகைக் கட்டுப்படுத்திகளும், 2.0 காலத்தில் இ.ஹெச்.சி.ஐ. என்ற வகையும் இருந்தன. இம்மூன்றையும் விண்டோஸ் 7 அறியும். 3.0 உடன் வந்ததோ எக்ஸ்.ஹெச்.சி.ஐ. என்னும் நான்காவது வகை. மிக மெதுவான மவுஸ் முதல் மிக வேகமான நினைவகம் வரை எல்லா வேகக் கருவிகளையும் ஒரே கட்டுப்படுத்தி கையாளும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது.

இது முந்தைய கட்டுப்படுத்தியின் வேகமான பதிப்பு மட்டுமன்று. இதன் உரையாடல் முறையே வேறானது. இ.ஹெச்.சி.ஐ. முறையில் இயங்குதளம் செய்யவேண்டிய பணிகளின் அட்டவணையை நினைவகத்தில் எழுதிவைக்க, கட்டுப்படுத்தி அந்த அட்டவணையை ஓயாமல் திரும்பத் திரும்பப் படித்து, பணி ஏதும் உள்ளதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பணி இல்லாதபோதும் இந்தப் படிப்பு நடப்பதால் மின்சாரம் வீணாகும். எக்ஸ்.ஹெச்.சி.ஐ. முறையில் கட்டளைகளுக்கு ஒன்றும், நிகழ்வுகளுக்கு ஒன்றும், தரவு மாற்றத்துக்குத் தனித்தனியாகவும் நினைவகத்தில் வளைய வரிசைகள் அமைக்கப்படுகின்றன. இயங்குதளம் ஒரு பணியை வரிசையில் வைத்தபின் அழைப்புமணிப் பதிவகம் எனப்படும் இடத்தில் ஓர் எண்ணை எழுதினால்தான் கட்டுப்படுத்தி செயல்படத் தொடங்குகிறது. ஆகவே இ.ஹெச்.சி.ஐ.க்காக எழுதப்பட்ட மென்பொருளைக் கொண்டு எக்ஸ்.ஹெச்.சி.ஐ.யை இயக்கவே முடியாது. வாயிலும் வடமும் ஒன்றாக இருப்பது அதற்கு உதவாது.

2009இன் இயங்குதளம், 2015இன் சிப்செட்

விண்டோஸ் 7 உற்பத்திக்காக இறுதிசெய்யப்பட்டது 2009 ஜூலையில். எக்ஸ்.ஹெச்.சி.ஐ. விவரக்குறிப்பின் 1.0 பதிப்பு வெளியானது 2010 மே மாதத்தில். எனவே விண்டோஸ் 7இன் வட்டில் அதற்கான மென்பொருள் இடம்பெறாததில் வியப்பில்லை. மைக்ரோசாப்ட் தன் இயங்குதளத்திலேயே அதைச் சேர்த்தது 2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8இல்தான்.

ஆயினும் 2010க்கும் 2015க்கும் இடையே விற்ற கணினிகளில் விண்டோஸ் 7 சிக்கலின்றி நிறுவப்பட்டது. அந்த ஆண்டுகளின் இன்டெல் சிப்செட்டுகள், அதாவது மையச் செயலிக்குத் துணைநிற்கும் சில்லுத் தொகுதிகள், பழைய இ.ஹெச்.சி.ஐ. கட்டுப்படுத்தியையும் விடாமல் வைத்திருந்தன. 2012 முதல் இரு கட்டுப்படுத்திகளும் ஒரே சில்லில் இடம்பெற்றபோது, ஒரு வாயில் எந்தக் கட்டுப்படுத்தியின் கீழ் இயங்கவேண்டும் என்பதை மாற்றும் வசதியும் உடன் இருந்தது. இயங்குதளம் புதியதை அறியாவிட்டால் வாயில்களைப் பழையதன் கீழ் விட்டுவிடலாம். 2015இல் ஆறாம் தலைமுறையாகிய ஸ்கைலேக் செயலிகளோடு வந்த 100 வரிசைச் சிப்செட்டுகளில் இன்டெல் இ.ஹெச்.சி.ஐ.யை முற்றிலும் நீக்கியது. 2017இல் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் வரிசையிலும் புதிய கட்டுப்படுத்தியே இடம்பெற்றது. விண்டோஸ் 7 அதுவரை சார்ந்திருந்த பழைய வழி இவ்வாறு அடைபட்டது.

கைமாறும் நொடி

நிறுவல் ஏன் தொடங்கி, பின்னர் நிற்கிறது என்ற கேள்விக்கான விடை, கணினி விழித்தெழும் வரிசையில் உள்ளது. மின்சாரம் வந்ததும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையிலுள்ள சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்ட மென்பொருள். பழைய கணினிகளில் இதற்கு பயாஸ் என்றும், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். தாய்ப்பலகையைத் தயாரித்தவரே இதையும் அமைப்பதால், அந்தப் பலகையிலுள்ள எக்ஸ்.ஹெச்.சி.ஐ. கட்டுப்படுத்தியை இது நன்கு அறியும். பென் டிரைவிலிருந்து விண்டோஸின் தொடக்கக் கோப்புகளைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவது இந்த மென்பொருளின் சேவைகளைக் கொண்டுதான். பயாஸ் அமைப்புத் திரையில் விசைப்பலகை தடையின்றி வேலைசெய்வதும் இதனால்தான்.

கோப்புகள் ஏறி முடிந்ததும் விண்டோஸின் கருனி, அதாவது கெர்னல் எனப்படும் மையப்பகுதி, கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து அது பயாஸின் உள்ளீட்டு, வெளியீட்டுச் சேவைகளை நாடுவதில்லை. தன்னிடமுள்ள இயக்கிகளைக் கொண்டே வன்பொருளை அணுகுகிறது. இயக்கி, அதாவது டிரைவர், என்பது ஒரு குறிப்பிட்ட வன்பொருளோடு எப்படி உரையாடுவது என்பதை இயங்குதளத்துக்குச் சொல்லித்தரும் மென்பொருள். தொப்பூர்க் கணவாயின் மேட்டில் லாரியை நிறுத்தி, அதுவரை ஓட்டிவந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட, அடுத்து ஏறியவருக்கு அந்த வண்டியின் கியர் அமைப்பே தெரியாது என்றால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்கிறது: வண்டியில் குறை ஏதுமில்லை, ஆனால் அது நகராது.

இந்த நிலையில் மவுஸும் விசைப்பலகையும் மட்டுமின்றிப் பென் டிரைவும் விண்டோஸின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. நிறுவலின் தொடக்கப் பகுதி முழுவதும் ஏற்கனவே நினைவகத்துக்கு வந்துவிட்டதால் முதல் திரை தோன்றுகிறது; ஆனால் வன்வட்டில் நிறுவப்படவேண்டிய பெரும்பகுதி இன்னும் பென் டிரைவிலேயே இருக்கிறது. பி.எஸ்.2 வகைப் பழைய விசைப்பலகையை இணைத்து நிறுவலைத் தொடர முயல்வோருக்கு, சிடி அல்லது டிவிடிக்கான இயக்கி காணப்படவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி காட்டப்படுகிறது. டிவிடியே இல்லாத கணினியில் தோன்றும் இச்செய்தி பலரைத் தவறான திசையில் அலையவைத்திருக்கிறது. தன் மூல ஊடகத்தைக் காணமுடியவில்லை என்பதே அது உண்மையில் சொல்லவருவது.

இயக்கியின் உள்ளடக்கம்

விண்டோஸ் இயக்கி ஒன்று பொதுவாக மூன்று வகைக் கோப்புகளைக் கொண்டது. சிஸ் என்னும் பின்னொட்டுடைய கோப்பில் இயங்கும் நிரல் உள்ளது. இன்ஃப் என்னும் உரைக்கோப்பில், அந்நிரல் எந்தெந்த வன்பொருளுக்கு உரியது, எங்கே நிறுவப்படவேண்டும் என்ற விவரங்கள் உள்ளன. கேட் என்னும் கோப்பில், மற்றவை மாற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகும் மின்னொப்பம் உள்ளது.

கணினியிலுள்ள ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் தன்னை எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. தயாரிப்பாளர் எண், கருவி எண் என இரண்டு எண்களும், கருவியின் வகையைக் குறிக்கும் வகுப்பு எண்ணும் அவற்றில் முதன்மையானவை. இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலி ஒன்றின் பெயரே அது. வகுப்பு எண்ணின் கடைசிப் பகுதி யு.ஹெச்.சி.ஐ.க்கு 00, ஓ.ஹெச்.சி.ஐ.க்கு 10, இ.ஹெச்.சி.ஐ.க்கு 20, எக்ஸ்.ஹெச்.சி.ஐ.க்கு 30 என்று பதினாறடிமான எண்முறையில் வழங்கப்பட்டுள்ளது. விண்டோஸ் 8இலுள்ள இயக்கி 30 என்ற வகுப்பைக் கண்டாலே, தயாரிப்பாளர் யாராயினும் பொருந்திக்கொள்கிறது. விண்டோஸ் 7க்காக இன்டெல், ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட இயக்கிகளோ, தத்தம் இன்ஃப் கோப்பில் பட்டியலிட்ட எண்களுடைய கட்டுப்படுத்திகளுக்கு மட்டுமே பொருந்துகின்றன. ஆகவே, எந்தத் தயாரிப்பாளரின் எந்தத் தலைமுறைச் சிப்செட் என்பதை அறிந்து அதற்குரிய இயக்கியைத் தேர்ந்தெடுப்பதே இப்பணியின் முதற்படி. பெயர் சரியாக இருந்தும் எண் பட்டியலில் இல்லாத இயக்கியைச் சேர்ப்பதால் பயனில்லை.

விண்டோஸ் 8இன் இயக்கியையே எடுத்து விண்டோஸ் 7இல் வைத்துவிடலாமே என்று தோன்றலாம். அந்த இயக்கி, விண்டோஸ் 8இன் கருனியில் புதிதாக வந்த சேவைகளை எதிர்பார்த்து எழுதப்பட்டது. விண்டோஸ் 7இன் கருனியில் அவை இல்லாததால் கோப்புகளை நகலெடுத்து வைப்பது மட்டும் போதாது.

இயக்கியை எங்கே சேர்ப்பது

விண்டோஸ் 7இன் நிறுவல் ஊடகத்தில் இரண்டு பெரிய கோப்புகள் முதன்மையானவை. விம் எனப்படும் இவற்றின் கோப்பு வடிவம் விண்டோஸ் விஸ்டா பதிப்போடு வழக்குக்கு வந்தது. ஒரு முழு இயங்குதளத்தின் கோப்புகளைச் சுருக்கி, ஒரே கோப்பு பல பதிப்புகளில் இடம்பெற்றாலும் அதை ஒருமுறை மட்டும் சேமித்து வைக்கும் பெட்டகம் அது. பூட் விம் என்ற முதல் கோப்பில், நிறுவலை நடத்தும் சிறிய தற்காலிக விண்டோஸ் அடங்கியுள்ளது. நினைவகத்துக்கு ஏறி முதல் திரையைக் காட்டுவது இதுதான். இன்ஸ்டால் விம் என்ற இரண்டாவது கோப்பில், வன்வட்டில் பதியவேண்டிய முழு விண்டோஸ், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், புரொஃபஷனல், அல்டிமேட் முதலிய பதிப்புகளாக அடங்கியுள்ளது.

இயக்கி இவ்விரண்டிலும் சேர்க்கப்படவேண்டும். பூட் விம்மில் மட்டும் சேர்த்தால் நிறுவல் தடையின்றி நடந்து முடியும். ஆனால் கணினி மறுபடி தொடங்கி, வன்வட்டிலிருந்து புதிய விண்டோஸ் எழும்போது பயனர் பெயரைக் கேட்கும் திரையில் விசைப்பலகை மீண்டும் செயலற்றுப்போகும். இன்ஸ்டால் விம்மில் மட்டும் சேர்த்தாலோ அந்தத் திரைவரை செல்லவே முடியாது. இரண்டு தனித்தனி இயங்குதளங்கள் அடுத்தடுத்துக் கணினியை ஆள்கின்றன என்பதையும், ஒன்றுக்குக் கொடுத்த இயக்கி மற்றொன்றுக்குத் தானாகச் சென்றுசேராது என்பதையும் மனத்தில் கொண்டால் இந்த இரட்டை வேலையின் தேவை விளங்கும்.

பணி நடைபெறும் முறை நேரானது. சரியாக இயங்கும் வேறொரு விண்டோஸ் கணினியில், நிறுவல் வட்டின் உள்ளடக்கம் ஒரு கோப்புறையில் நகலெடுக்கப்படுகிறது. இயக்கித் தொகுப்பு அதன் நிறுவி வடிவத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இன்ஃப், சிஸ், கேட் கோப்புகள் தனியே எடுக்கப்படுகின்றன. பிறகு, மைக்ரோசாப்ட் வழங்கும் டிஸ்ம் என்னும் கட்டளைவரிக் கருவியைக் கொண்டு பூட் விம்மின் உள்ளடக்கம் ஒரு வெற்றுக் கோப்புறையில் விரிக்கப்படுகிறது. இதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர். விரிந்த அந்தப் படிமத்தில் இயக்கிகளைச் சேர்க்கும் கட்டளை கொடுக்கப்பட்டு, மாற்றங்கள் சேமிக்கப்பட்டு, படிமம் மீண்டும் மூடப்படுகிறது. பூட் விம்மில் இரண்டு படிமங்கள் உள்ளன. நிறுவலை நடத்துவது இரண்டாவதாயினும் இரண்டிலும் சேர்ப்பதே வழக்கம். இன்ஸ்டால் விம்மில், நிறுவப்போகும் பதிப்பின் படிமத்தில் இதே செயல் மீண்டும் செய்யப்படுகிறது. இறுதியில் கோப்புறை முழுவதும் துவக்கத்தகுந்த பென் டிரைவாக எழுதப்படுகிறது. இந்த வரிசையைத் தானே செய்துமுடிக்கும் சிறு கருவி ஒன்றை இன்டெல் தன் சிப்செட்டுகளுக்காக வெளியிட்டதும் உண்டு.

இன்டெலின் இயக்கித் தொகுப்பில் கட்டுப்படுத்திக்கு ஒன்றும், ஹப் எனப்படும் கிளைப்பிரிப்பிக்கு ஒன்றுமாக இரு முதன்மை இயக்கிகள் இருப்பது கவனிக்கத்தக்கது. கணினியின் வாயில்கள் அனைத்தும் கட்டுப்படுத்தியின் வேர் ஹப்பின் கிளைகளாகவே இயங்குவதால், முதலாவதை மட்டும் சேர்த்தால் கட்டுப்படுத்தி அடையாளம் காணப்படுமே தவிர, அதில் செருகிய கருவிகள் தென்படா. தொகுப்பை முழுமையாகச் சேர்க்கவேண்டும்.

பிழைபடும் இடங்கள்

முதல் தவறு, 32 பிட் இயங்குதளத்துக்கு 64 பிட் இயக்கியையோ, மறுதலையாகவோ சேர்ப்பது. இரண்டாவது, மின்னொப்பம் சார்ந்தது. 64 பிட் விண்டோஸ், ஒப்பமிடப்படாத இயக்கிகளைக் கருனிக்குள் அனுமதிப்பதில்லை. விண்டோஸ் 7 வெளியானபோது ஷா 1 முறையிலான ஒப்பம் வழக்கில் இருந்தது. பின்னர் வந்த இயக்கிகள் வலுவான ஷா 2 முறையில் ஒப்பமிடப்பட்டன. அதைச் சரிபார்க்கும் ஆற்றலை விண்டோஸ் 7க்கு அளித்தது 2015இல் வந்த ஒரு புதுப்பித்தல். எனவே, பழைய வட்டில் மிகப் புதிய இயக்கியைச் சேர்க்கும்போது அந்தப் புதுப்பித்தலையும் படிமத்தில் சேர்க்கவேண்டியிருக்கும். இல்லையெனில், சரியான இயக்கி சரியான இடத்தில் இருந்தும் மறுக்கப்படும்.

மூன்றாவது, கோப்பின் அளவு. ஃபேட் 32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்கமுடியாது. புதுப்பித்தல்களைச் சேர்த்துப் பருத்த இன்ஸ்டால் விம் அந்த எல்லையைத் தாண்டினால் அதைப் பகுதிகளாகப் பிரிக்கவேண்டும். நான்காவது, யு.எஸ்.பி.யோடு தொடர்பற்ற தடைகள். என்.வி.எம்.இ. வகைச் சேமிப்பகத்தை விண்டோஸ் 7இன் மூல வட்டு அறியாது. அதற்கும் இதே முறையில் ஒரு புதுப்பித்தல் சேர்க்கப்படவேண்டும். விண்டோஸ் 7இன் திரைக்காட்சி பழைய பயாஸின் சேவையை எதிர்பார்ப்பதால், பழைய முறைக்கு இடமளிக்கும் சி.எஸ்.எம். வசதி நீக்கப்பட்ட மிகப் புதிய தாய்ப்பலகைகளில் நிறுவல் வேறிடத்தில் நின்றுபோகும். ஒருங்கிணைந்த வரைகலைக்கு விண்டோஸ் 7 இயக்கியே வெளியிடப்படாத செயலிகளில், நிறுவல் முடிந்தாலும் திரை தரக்குறைவாகவே இருக்கும். யு.எஸ்.பி. இயக்கி திறப்பது ஒரு கதவை மட்டுமே.

இயக்கிகள் சேர்த்து ஆயத்தமாக்கப்பட்ட விண்டோஸ் 7 படிமங்கள் கைமாறிக் கைமாறிப் பென் டிரைவுகளில் உலவுவது தனியே குறிப்பிடவேண்டிய ஆபத்து. இயக்கி என்பது கருனியின் முழு உரிமையோடு இயங்கும் நிரல். அதைச் சேர்க்க முடிந்தவருக்கு உளவு நிரலைச் சேர்ப்பதும் அதே அளவு எளிது. மூலப் படிமத்தின் நேர்மையை ஷா 256 போன்ற சரிபார்ப்புத் தொகையைக் கொண்டு உறுதிசெய்து, இயக்கியைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற்று, சேர்க்கும் பணியைத் தானே அல்லது நம்பகமான தொழில்நுட்பரைக் கொண்டு செய்வதே பாதுகாப்பான வழி.

லினக்ஸ் எடுத்த வழி

மடிக்கணினிகளில் விண்டோஸ் 7இன் அருகில் அமர்ந்திருந்த பாஸ் லினக்ஸ், இதே சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 2007இல் வந்தது. எக்ஸ்.ஹெச்.சி.ஐ.க்கான ஆதரவு லினக்ஸ் கருனியில் 2009 செப்டம்பரில் வெளியான 2.6.31 பதிப்பிலேயே இடம்பெற்றது. இன்டெலில் பணியாற்றிய சாரா ஷார்ப் அதை எழுதினார். விண்டோஸ் 7 கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே இது நடந்தது.

இதற்கு முதன்மைக் காரணம், லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கருனியின் மூலநிரலோடு ஒன்றாகவே வளர்க்கப்படுவதுதான். கருனியின் உள்ளமைப்பு மாறும்போது இயக்கிகளும் உடன் மாற்றப்படுகின்றன. புதிய கருனியோடு கூடிய நிறுவல் ஊடகம் வரும்போது, அதுவரை வந்த கட்டுப்படுத்திகளுக்கான இயக்கிகளும் அதில் வந்துவிடுகின்றன. எனினும் அடிப்படை விதியிலிருந்து லினக்ஸுக்கும் விலக்கில்லை: கருனியிலோ, அது எழுந்தவுடன் நினைவகத்தில் முதலில் விரிக்கப்படும் தொடக்கக் கோப்புத்தொகுதியிலோ தேவையான இயக்கி இல்லையென்றால், லினக்ஸும் தன் பென் டிரைவைக் காணாமல் நின்றுவிடும். வேறுபாடு, அந்த இயக்கியைச் சேர்க்கவும் ஊடகத்தை மீளுருவாக்கவும் எவருக்கும் உரிமை இருப்பதில் உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவடைவதை முன்னிட்டுத் தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸை நிறுவுமாறு அறிவுறுத்தியபோது, அந்தத் தெரிவோடு இந்தத் தற்சார்பும் சேர்ந்தே வந்தது.

எதுவரை செல்லும்

இயக்கி சேர்க்கும் முறை, பொறியியல் நோக்கில் செம்மையானது. எங்கே அறிவு குறைகிறதோ அங்கே, தேவையான அளவு மட்டும், மூல மென்பொருளை உடைக்காமல் அதைச் சேர்க்கிறது. ஒரு குறிப்பிட்ட கருவியையோ பழைய கோப்புகளையோ காப்பாற்ற வேறு வழியில்லாதபோது அதைக் கையாள்வதில் தவறில்லை. ஆனால் அது விண்டோஸ் 7ஐப் புதிய கணினியில் நிறுவமட்டுமே உதவும். ஆதரவு முடிந்தபின் கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காது. கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. எனவே அவ்வாறு நிறுவப்பட்ட கணினியை இணையத்தோடு இணைக்காமல், அந்த ஒரு பணிக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவேண்டும். வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதில் திறக்கக் கூடாது.

பழைய இயங்குதளத்தைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மென்பொருள் அல்லது ஒரே ஒரு கோப்பு வடிவம்தான். டி.டி.பி. மையங்களைப் பொறுத்தவரை அது பழைய எழுத்துருக் குறியேற்றம். அதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. நிறுவல் ஊடகத்தில் இயக்கியைச் சேர்த்து இன்றைய வேலையை ஓட்டிக்கொள்வோர், தங்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பணியையும் அன்றே தொடங்கிவிடுவது நல்லது; அடுத்த கணினி வாங்கும்போது அந்த இயக்கியும் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.